பச்சைப் பலகைக் கிணறு

எங்கள் பக்கத்து வளவுத் தயாளினி கொம்பியூட்டரோடு கதைக்கிற பிள்ளை. ஆட்டுக்குக் குழை போடுகிறவள் அதை அதட்டுவதும் தடவுவதும் போல, "ஏன் நிண்டிட்டாய்? இப்ப என்ன வேணும் உனக்கு? இந்தா, இதைத் தின்" என்று கதைத்துக்கொண்டே தட்டுவாள். வேலிக்கு இங்கால் நின்று கோயிலுக்குப் பூ ஆயும்போது எனக்கு எல்லாம் கேட்கும்.

"ஆரோடை பிள்ளை சண்டை?" என்பேன்.

"பைதனோடை மாமி."

"அதார்?"

"மலைப்பாம்பு மாமி. கொம்பியூட்டருக்குள்ளை நான் சொல்லுறதைக் கேட்டுக் கணக்குச் செய்யிற பாம்பு."

"ஐயோ, குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கை பாம்போ!" என்று நான் சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பல்லு மிதப்பு என்று சின்னனில் பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணினார்கள். அன்று பொத்தத் தொடங்கிய வாயை அவள் பிறகு திறந்து சிரித்ததே இல்லை.

தகப்பன் நடராசா லொறி ஓட்டினவர். முறிகண்டிக்கு அங்கால் நடந்த விபத்தில் போய்விட்டார். தாய் தையல். ஊரெல்லாம் நோய்க்குப் பயந்து பூட்டிக் கிடந்த காலத்தில், சிக்னல் கிடைக்கும் இடம் தேடி எங்கள் வளவுப் பிலாவடிக்கு வந்து, கதிரையில் போனைச் சாய்த்து வைத்துத்தான் அந்தக் கொம்பியூட்டர்ப் படிப்பைப் படித்தாள். மழை தூறினால் குடையைப் பிடித்துக்கொண்டு படிப்பாள். பிறகு மருதனார்மடச் சந்தியில் கடைகளுக்குப் பில் போடுகிற புரோகிராம் எழுதிக் கொடுத்து, வீட்டையும் பார்த்து, தாயின் கண் ஒப்பரேசனையும் செய்வித்தாள். ஊருக்கு ஒன்றென்றால் காசு கேட்காமல் செய்வாள். அப்படிக் கேட்காமல் செய்த வேலையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் மண் செம்மண். வாழையும் மரக்கறியும்தான் இங்கே சீவியம். போடுகிற உரத்தில் பாதி பயிருக்கு, மீதி மழையோடு கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகும். அதை நைத்திரேற்று என்கிறார்கள். மணமும் இல்லை, உருசியும் இல்லை. பெரியாட்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது. பால்குடிப் பிள்ளைக்குக் கூடாது. பிள்ளையின் இரத்தம் மூச்சைத் தூக்கிக்கொண்டு போகாதாம். ஒரு லீற்றரில் ஐம்பது மில்லிகிராமுக்கு மேலே போனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் குடுக்கக் கூடாது என்பது கணக்கு.

முன்னொருமுறை இப்படிச் சோதித்து, ஒவ்வொரு கிணற்றின் எண்ணையும் கோயில் மதிலில் ஒட்டினார்கள். அன்றைக்குத் தொடங்கினது வில்லங்கம். "உங்கடை கிணறு எங்கடையை விட ஊத்தை" என்று ஒழுங்கைக்கு ஒழுங்கை சண்டை. ஒரு காணி விற்பனை குழம்பியது. பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைத்த இரண்டு சகோதரங்கள் இன்றைக்கும் கதைப்பதில்லை. அதனால் இந்தமுறை தண்ணீர்க் குழுத் தலைவர் செல்வநாயகம் ஐயா ஒரு கட்டளை போட்டார்.

"நம்பர் ஒருதருக்கும் தெரியக் கூடாது. குடிக்கலாமெண்டால் பச்சைப் பலகை, கூடாதெண்டால் சிவப்புப் பலகை. அவ்வளவுதான். பிள்ளை தயாளினி, நம்பரெல்லாம் உன்ரை பாம்பின்ரை வயித்துக்குள்ளையே இருக்கட்டும்."

"ஓம் ஐயா," என்றாள் அவள்.

போத்தலில் தண்ணீர் எடுத்து அனுப்பினார்கள். சோதித்த இடத்திலிருந்து எண்கள் எல்லாம் கொம்பியூட்டர் வழியாகவே வந்தன. ஊர்க் கிணறுகள் கொஞ்சநஞ்சமல்ல. அவ்வளவையும் கண்ணால் பார்க்க ஏலாதென்றுதான் அவளைக் கேட்டது. அவள் புரோகிராம் எழுதி, தனக்குத் தெரிந்த மூன்று கிணறுகளைப் போட்டுப் பார்த்தாள். இருபத்திமூன்று பச்சை என்றது. நாற்பத்தெட்டு பச்சை என்றது. அறுபத்திநாலு சிவப்பு என்றது. மூன்றும் சரி. ஊருக்கு வேலை செய்த சந்தோசத்தில் அன்று எனக்கு ஒரு தட்டில் கொழுக்கட்டை கொண்டுவந்து தந்தாள்.

பலகைகள் ஏறின. அதிசயம் என்னவென்றால், பிள்ளையார் கோயில் கிணற்றுக்குச் சிவப்பு.

"பிள்ளையாரின்ரை கிணத்துக்கே சிவப்போ?" என்று நான் கேட்டுவிட்டேன். சர்க்கரை கரைத்த மாதிரி இருக்கும் அந்தத் தண்ணீர். சுற்றிவர மருதமரமும் வெறுங்காணியும், தோட்டம் ஒன்றும் கிட்ட இல்லை.

"மலர், உருசியைப் பாத்து உதைச் சொல்ல ஏலாது," என்றார் செல்வநாயகம் ஐயா. "பிள்ளையாருக்கு ஒண்டும் செய்யாது. அவருக்குப் பெரிய வண்டி வயிறு. எங்களுக்குத்தான் செய்யும்." எல்லாரும் சிரித்தார்கள்.

தயாளினியும் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் ஒரு மாதிரித்தான் கிடக்கு மாமி. ஆனால் மற்றதெல்லாம் சரியாத்தானே சொல்லுது?" என்றாள்.

மனிதர் குடிக்கக் கூடாத தண்ணீரைச் சுவாமிக்கு வார்ப்பது சரியில்லை என்று ஐயர் சொன்னார். அதுவும் நியாயம்தானே. அடுத்த வெள்ளி தொடக்கம் அபிசேகத்துக்கு வாழைத்தோட்டப் பங்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது. அதற்குப் பச்சைப் பலகை. பச்சையிலும் நல்ல பச்சை, இலைக்குருத்து மாதிரி.

கோயிலடியில் குடியிருந்தவள் சிவகௌரி. புருசன் கோகுலன் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் சுமை இறக்குகிற வேலை, கிழமைக்கொருக்கால் வீடு வருவான். கலியாணம் கட்டிக் கனகாலம் பிள்ளை இல்லை. இரண்டு தங்காமல் போனது. பிறகு விரதம் பிடித்து, நேர்த்தி வைத்துப் பிறந்தது ஆரபி. அந்தப் பிள்ளையை முதன்முதல் கோயிலுக்குக் கொண்டுவந்த அன்று நான் கட்டின மாலையிலிருந்து ஒரு பூ விழுந்து அதன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. சிவகௌரி அதை எடுக்க விடவில்லை.

அவளுக்குப் பால் காணாது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு காய்ச்சலில் கிடந்து வற்றிப்போயிற்று. பால்மா கரைத்துத்தான் குடுத்தாள். அதுவரை கோயில் கிணற்றுத் தண்ணீர்தான். சிவப்புப் பலகையைக் கண்ட அன்றே பயந்துபோய், தண்ணிக் கானைத் தூக்கிக்கொண்டு வாழைத்தோட்டத்துக்கு நடந்தாள்.

"அவ்வளவு தூரமோ, இந்த வெயிலுக்கை?" என்று நான் கேட்டேன்.

"சுவாமிக்கே அங்கையிருந்துதானே மலரக்கா போகுது. சுவாமிக்கு வாக்கிறது என்ரை பிள்ளைக்குக் கூடாதோ?"

சும்மாவும் குடுக்கவில்லை. கேத்திலில் ஊற்றி ஒருக்கால் கொதிக்க வைப்பாள், ஆற விட்டு மறுபடி கொதிக்க வைப்பாள், பிறகு இன்னொருக்கால். "உவள் தண்ணியைச் சாகடிச்சுத்தான் விடுவாள்," என்று அயலில் பகிடி பண்ணுவார்கள். அதற்கும் அவள் சிரிப்பாள். "தண்ணி செத்தால் பறவாயில்லை, கிருமி சாகட்டும்" என்பாள்.

பிள்ளைக்கு முதலில் உதடு கறுத்தது. நகம் நாவற்பழம் தின்ற மாதிரி. கிரந்தி என்றார் ஒருவர், குளிர் என்றார் இன்னொருவர். நானும் விபூதி பூசி, தேவாரம் படித்துவிட்டு, "எதுக்கும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போ மோனை" என்றேன். அங்கே மருந்து ஏற்றினார்கள். பிள்ளை சிவந்து, காலை உதைத்து விளையாடியது. டொக்டர் நல்லவர், கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"கிணத்துத் தண்ணியோ? சோதிச்சதோ?"

கோகுலன் போனை எடுத்துப் படம் காட்டினான். பச்சைப் பலகை.

"அப்ப தண்ணி இல்லை," என்றாராம் டொக்டர். "வேறை காரணம் தேட வேணும். பிறப்பிலயே இரத்தத்திலை ஒரு குறை இருந்தாலும் இப்பிடி வரும்." அதற்குச் சோதனை எழுதினார். முடிவு வரப் பிந்தும் என்றார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தார்கள். சிவகௌரி இன்னும் கவனமாகி, தண்ணீரை இன்னும் கூடக் கொதிக்க வைத்தாள்.

ஒரு பின்னேரம் தயாளினியின் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இதைச் சொன்னேன். அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

"டொக்டர் தண்ணியைக் கேட்டவரோ?"

"ஓம். கோகுலன் பலகையைக் காட்டினவனாம்."

"அது பச்சைதானே மாமி," என்றாள். பிறகு, "எதுக்கும் நம்பரைப் பாப்பம். ஐயா ஏசினால் ஏசட்டும்," என்று லப்ரொப்பைத் திருப்பினாள்.

வாழைத்தோட்டப் பங்குக் கிணறு என்று தேடினாள். எண் வந்தது. நூற்றிப் பன்னிரண்டு.

அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். "ஐம்பதுக்கு மேலையெண்டால் சிவப்பெண்டுதானே எழுதினனான்," என்றாள். "இதென்னெண்டு பச்சை?"

முதலில் கிணற்றின் பெயர் மாறிப்போயிற்றோ என்று பார்த்தாள். இல்லை, பெயர் சரி. ஒரு வரிசை தள்ளி அடுத்த கிணற்றின் எண்ணை எடுத்துவிட்டதோ என்று பார்த்தாள். அதுவும் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வெறும் இடம் ஒட்டியிருக்கும், அது சிலவேளை குழப்பும் என்று சொல்லி, அதையும் வெட்டிப் பார்த்தாள். மறுபடியும் பச்சை. ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, "இப்ப உன்ரை கையிலை என்ன கிடக்கு? காட்டு" என்று அதைக் கதைக்கப் பண்ணினாள். இந்தமுறை ஆட்டோடு கதைக்கிற குரல் இல்லை. பொலிஸ்காரர் கேட்கிற குரல்.

கடைசியில் நேரே கேட்டாள். நூற்றிப் பன்னிரண்டு ஐம்பதை விடப் பெரிசோ?

இல்லை என்று இங்கிலீசில் வந்தது.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அவள் மறுபடி தட்டினாள். ஒன்பது ஐம்பதை விடப் பெரிசோ?

ஓம் என்று வந்தது.

"கோயில் கிணறு ஒன்பது மாமி," என்றாள். "ஊரிலையே திறமான தண்ணி. அதுக்குத்தான் சிவப்புக் குத்தி விட்டிருக்கிறன்."

எண்ணின் இரண்டு பக்கமும் மேலே சின்னக் கொக்கிகள் நின்றன. விரலால் தொட்டுக் காட்டினாள். "இந்தக் கொக்கி போட்டால் பைதன் அதை எண்ணெண்டு பாக்காது மாமி, எழுத்தெண்டு பாக்கும். பள்ளிக்கூடத்திலை பேர் அடுக்கேக்கை அம்பிகாவதி முதலோ, உமா முதலோ?"

"அம்பிகாவதி."

"பேர் எவ்வளவு நீளமெண்டாலும் முதல் எழுத்தைத்தானே பாப்பினம். இதுவும் அப்பிடித்தான். நூற்றிப் பன்னிரண்டிலை முதல் நிக்கிறது ஒண்டு. ஐம்பதிலை முதல் நிக்கிறது அஞ்சு. ஒண்டு சின்னன். அதோடை முடிவெடுத்திடும், அங்கால பாக்காது. ஒன்பதுக்கு முதல் எழுத்தே ஒன்பது. அது அஞ்சை விடப் பெரிசு."

பத்துக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் இடையில் உள்ள கிணறுகளுக்கு எல்லாம் சரியாகவே சொல்லியிருக்கிறது. அதனால்தான் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நூறு தாண்டிய கிணறுகளும், பத்துக்குக் கீழே நின்ற சில நல்ல கிணறுகளும்தான் தலைகீழாகப் போயின. மிக மோசமானதும் மிக நல்லதும்.

"அது எனக்குச் சொன்னது மாமி," என்றாள் திடீரென்று. "சோதனை நம்பரெல்லாம் கொக்கியோடைதான் வந்தது. முதல் எழுதேக்கை நான் ஐம்பதுக்குக் கொக்கி போடேல்லை. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட ஏலாதெண்டு சிவப்பு வரியிலை கத்திச்சுது. பில் புரோகிராம் கேட்ட கடைக்காரன் போனிலை அவசரப்படுத்திக்கொண்டு நிண்டவன். நான் ஐம்பதுக்கும் கொக்கியைப் போட்டன். வாயை மூடீட்டுது."

அப்படியே எழுந்து ஓடினாள். செருப்புப் போடவில்லை. நான் பின்னால் ஓடினேன்.

சிவகௌரியின் வீடு திறந்து கிடந்தது. ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பெடிச்சி மதிலால் எட்டிச் சொன்னாள், பிள்ளைக்கு மறுபடி நீலம் பாரிச்சு, மூச்சு இழுத்து, இப்பதான் ஓட்டோவிலை போகினம் என்று. குசினிக்குள் காஸ் அடுப்பில் கேத்தில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் நூர்க்க மறந்துவிட்டாள். நான் அடுப்பை நூர்த்தேன். தயாளினி அந்தச் சுடு கேத்திலை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் ஊற்றினாள். கை அவிந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைக்கு ஏலாதென்று வேலைக்குப் போகாமல் நின்ற கோகுலனுக்குப் போன் எடுத்தோம். ஆசுப்பத்திரியில் இறங்கின கையோடு அவன் டொக்டரிடம் குடுத்தான்.

"ஐயா, அந்தக் கிணறு பச்சை இல்லை. நூற்றிப் பன்னிரண்டு. நான்தான் பிழையாப் போட்டனான்," என்றாள் தயாளினி.

டொக்டர், "கொதிக்க வச்ச தண்ணியோ குடுத்தவை?" என்று கேட்டார். ஓம் என்றோம். "கொதிக்கக் கொதிக்கத் தண்ணிதான் ஆவியாப் போகும். நைத்திரேற்று போகாது. அது திரண்டு கூடும்," என்றார். "சரி. சொன்னது நல்லது. பாக்கிறம்."

பார்த்தார்கள். செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டமும் சேர்ந்து உடம்பு தளர்ந்து போயிருந்தது. அடுத்த நாள் காலமை ஆரபி செத்துப்போனாள்.

சின்னப் பிள்ளையென்றபடியால் எரிக்கவில்லை, தாட்டார்கள். கோகுலன் கையிலேயே கொண்டுபோனான். நான் கட்டின மாலை அந்த உடம்புக்குப் பெரிதாய் இருந்தது. இரண்டாய் அறுத்துப் போட்டோம்.

அன்று பின்னேரமே தயாளினி பெயின்ற் பேணியோடு வாழைத்தோட்டத்தில் நின்றாள். செல்வநாயகம் ஐயா அங்கே வந்தார். கெட்ட மனிதர் அல்ல, முகம் கறுத்துப்போயிருந்தது.

"பிள்ளை, பலகையளை மெல்ல மெல்ல மாத்துவம். காரணம் ஒருதருக்கும் சொல்லவேண்டாம். போனது திரும்பி வராது. உன்னையும் ஒரு இடத்திலை கட்டிக் குடுக்க வேணுமெல்லோ, யோசி."

"இந்தத் தண்ணியை இன்னும் மூண்டு வீட்டிலை பால்குடிப் பிள்ளையளுக்குக் குடுக்கினம் ஐயா," என்றாள் அவள், தலையைத் திருப்பாமலே. "மெல்ல ஏலாது."

நம்பரையும் எழுதினாள். ஐயா தடுக்கவில்லை.

பிறகு சிவகௌரியிடம் போகவேண்டும் என்றாள். "நான் வாறன்" என்று கூடப் போனேன். சிவகௌரி சுவரோடு சாய்ந்திருந்தாள். பிள்ளையின் போத்தல் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. தயாளினி அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்து, எல்லாவற்றையும் சொன்னாள். கொக்கியைச் சொன்னாள், அவசரத்தைச் சொன்னாள், கோயில் கிணறுதான் நல்ல தண்ணீர் என்பதையும் சொன்னாள். சிவகௌரி ஏசவும் இல்லை, அழவும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஒன்றுதான் கேட்டாள்.

"நான் மூண்டு தரம் கொதிக்க வச்சுத்தானே தயா குடுத்தனான்? கொதிக்க வச்சதிலை கொஞ்சமெண்டாலும் குறைஞ்சிருக்குமெல்லே?"

தயாளினி என்னைப் பார்க்கவில்லை. "ஓம் அக்கா," என்றாள். "நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை. பிழை முழுக்க என்ரை."

நானும் வாய் திறக்கவில்லை.

மாரி முடிந்து, தண்ணீர் மறுபடி சோதித்து வந்தது. இந்தமுறையும் பலகை எழுதுவது தயாளினிதான். வேறு ஒருவரும் முன்வரவில்லை, அவளும் விடவில்லை. ஒழுங்கையில் சிலர் அவளைக் கண்டால் விலகிப் போவார்கள். பேசி வந்த ஒரு சம்பந்தமும் நின்றுபோயிற்று. கோயிலுக்கு வந்தால் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவாள், உள்ளே வரமாட்டாள். நான் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

வாழைத்தோட்டத்தில் அவள் பலகைக்குப் பெயின்ற் பூசிக்கொண்டிருக்க, நான் பேணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவகௌரி வந்தாள். கிளினிக்கில் மருத்துவிச்சி மிசி அம்மா தாய்மாருக்கு வகுப்பு எடுத்தவவாம், அயலில் கதைத்தது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"கொதிக்க வச்சால் கூடுமாம்," என்றாள்.

தயாளினி தூரிகையைக் கீழே வைத்தாள். "ஓம் அக்கா."

"அண்டைக்கே தெரியுமோ உனக்கு?"

"தெரியும்."

சிவகௌரி என்னையும் பார்த்தாள். நான் தலையைக் குனிந்தேன். "பிள்ளையைத்தான் எடுத்தாய் எண்டு பாத்தால்," என்றாள் அவள், "பொய்யும் சொன்னனீ. நான் உன்ரை சொல்லை நம்பித்தானே இவ்வளவு நாளும் நித்திரை கொண்டனான்." திரும்பி வரம்பால் நடந்து போனாள். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேரோடும் அவள் கதைத்ததில்லை. அவளுக்காகவும், இவளுக்காகவும், ஒவ்வொரு நாளும் பிள்ளையாருக்கு ஒரு பூ வைக்கிறேன். என்ன கேட்பதென்று தெரியாமல்தான் வைக்கிறேன்.

அன்று சிவகௌரி மறையும்வரை பார்த்துவிட்டுத் தயாளினி தூரிகையை எடுத்தாள். எண் கோணியது, துடைத்து மறுபடி எழுதினாள். நிறம் போடமுன் எப்போதும் கேட்பதுபோல என்னைக் கேட்டாள். புரோகிராம் திருத்தி எவ்வளவு நாளாயிற்று, அது இப்போது பிழைவிடுவதில்லை. என்றாலும் அவள் கேட்பாள்.

"மாமி, இதென்ன எண்? வாசியுங்கோ."

"நூற்றியாறு."

"ஐம்பதை விடக் கூடவோ, குறையவோ?"

"கூட மோனை."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"கூடத்தான்," என்றேன். அவள் சிவப்புப் பேணியைத் திறந்தாள்.